முப்பதாம் தேதிக்குள் ஈ ஒழிய வேண்டும்

ஜூன் 9, ஞாயிறு

பெண் பார்க்க வந்தவரின் தலையில் இன்று அடித்துவிட்டேன்.

அவர் மாப்பிள்ளையின் அப்பா. பெயர் வையாபுரி, ஊர் கரூர். தலையில் மருந்துக்கும் முடி கிடையாது. நடு உச்சியில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவர் பையனின் வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். கை மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்துபோய்ப் பட்டென்று வைத்துவிட்டது.

கூடத்தில் எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.

"ஈயிங்க" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். சாட்சி சொல்ல அது அங்கேயே நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

வையாபுரி தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பரவால்லீங்க. எங்கூட்ல வாங்கறதுக்கு இது எவ்வளவோ தேவல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி பூங்கொடி மட்டும் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். அடுத்த ஈ நான்தான் என்றிருந்தது அந்தப் பார்வை.

மாப்பிள்ளையின் அம்மாவும் சிரிக்கவில்லை. அவர் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

இருந்தாலும் என் மகள் பிருந்தாவை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள், காப்பியோடு சரி. பிடித்திருந்தால் ஒரு நாள் குறித்து வந்து கை நனைப்பார்கள். இலையில் கை வைத்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறாது. முப்பதாம் தேதி ஞாயிறு வருகிறோம் என்றார்கள். ஆனியை விட்டால் ஆடி, நல்ல காரியம் கிடையாது.

காரில் ஏறும்போது அந்த அம்மா பூங்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணு தங்கமா இருக்குதுங்க. இந்த ஈயை மட்டும் என்னமாச்சும் பண்ணுங்க. இலையில ஈ உக்காந்தா எனக்குக் கொமட்டிக்கும். எந்திரிச்சுருவேன்."

கை நனைக்க உட்கார்ந்தவர் பாதியில் எழுந்தால் சம்பந்தமும் எழுந்த மாதிரிதான். இதற்கு முன் இரண்டு இடம் இப்படித்தான் போனது. பிருந்தாவுக்கு இருபத்தாறு முடிகிறது.

ஜூன் 10, திங்கள்

டயர் கடையில் புது வருடத்துக்குக் கொடுத்த இந்த டைரியில் இதுவரை பெயின்ட் கணக்குத்தான் எழுதியிருந்தேன். நான் லாரிக்குப் பெயின்ட் அடித்து எழுத்து எழுதுகிறவன். பத்தாவதில் கணக்கில் தவறியவன், ஆனால் கையெழுத்தில் நாமக்கல் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வதுண்டு. முப்பதாம் தேதிக்குள் ஈ ஒழிய வேண்டும். அதை நாள்வாரியாக எழுதிவைத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்று தோன்றியது.

காரணம் என்னவென்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிழக்கே அரைக் கிலோமீட்டரில் முட்டைக்கோழிப் பண்ணை. ஒரு லட்சம் கோழி. கூண்டுகளுக்கு அடியில் எச்சம் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. அது காய்ந்திருக்கிறவரை பாதகமில்லை. கோடை மழையில் நனைந்துவிட்டால் புழு வைக்கும். பத்து நாளில் எல்லாம் இறக்கை முளைத்து எங்கள் ஊருக்கு வந்துவிடும். நாங்கள் கொசுவலை கட்டி அதற்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். கரூர் வீட்டாரை வலைக்குள் உட்காரவைக்க முடியுமா?

இன்று வாசலில் தண்ணீர் நிரப்பிய பாலித்தீன் பைகளைக் கட்டினேன். பையில் தன் உருவத்தைப் பார்த்து ஈ பயந்து ஓடும் என்றார்கள். ஈக்கள் பையின் மேல் உட்கார்ந்து முகம் பார்த்துக்கொண்டன. பிறகு ஒட்டுத்தாள் வாங்கி விரித்தேன். முதலில் மாட்டியது பிருந்தாவின் ஜடை, இரண்டாவதாக என் வேட்டி. சாயங்காலம் வேப்பிலைப் புகை போட்டதில் நாங்கள் மூன்று பேரும் வெளியே வந்துவிட்டோம். ஈ உள்ளேயே இருந்தது.

"வூட்ட அதுகளுக்கே எழுதிக் குடுத்துட்டுப் போயிரலாமுங்க" என்றாள் பூங்கொடி.

ஜூன் 12, புதன்

கரன்ட் பேட் வாங்கினேன். முதல் நாளே 214. கருகுகிற வாசனை கோழிக்கறி தீய்ந்த மாதிரி இருக்கிறது. பசிக்கவும் செய்கிறது.

ஜூன் 15, சனி

ரேஷன் கடை முன்னால் ஊர்க்கூட்டம். பேசியது என் மச்சினன் அர்த்தனாரி, பூங்கொடியின் தம்பி. அவனுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. கலெக்டரிடம் மூன்று தடவை மனு கொடுத்தாயிற்று, வந்து பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு தூவச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள், இனிமேல் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்றான்.

"பண்ணைக்காரன் ஈரோட்டுல ஏசி ரூம்ல உக்காந்து முட்டை திங்கறான். அவனுக்கு நம்மூர்ல எவனும் எந்த வேலைக்கும் போகக்கூடாது. ஒரு முட்டை வாங்கக்கூடாது. பண்ணை கேட்டுக்கிட்ட எவன் போய் நின்னாலும் சரி, அவன் வூட்டு நல்லது கெட்டதுக்கு இந்த ஊர்க்காரன் ஒருத்தன் போகமாட்டான்."

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். சித்திரையில் அந்தப் பண்ணையின் முட்டை வண்டிக்குப் பெயர் எழுதியது நான்தான். கூட்டத்தில் யாருக்கும் அது ஞாபகம் வராதபடி கையைக் கொஞ்சம் உயரமாகவே தூக்கினேன்.

ஜூன் 16, ஞாயிறு

பேட் புகைந்துபோய்விட்டது. சீனச் சரக்கு. நானே ஒன்று செய்தேன். மூன்றடி வேப்பங்கட்டை, முனையில் லாரி டியூபிலிருந்து உள்ளங்கை அளவுக்கு வெட்டிய ரப்பர், அதைப் பிடித்து நிறுத்த இரண்டு ஆணி. வீசினால் காற்று விசில் அடிக்கிறது. சுவரில் ஒரே வீச்சில் நான்கு. இரத்தமும் மஞ்சளுமாகச் சுண்ணாம்பில் அச்சு விழுகிறது. எழுத்து எழுதுகிற கைக்கு மணிக்கட்டு நன்றாகப் பழகியிருக்கும், அதனால் குறி தப்புவதே இல்லை.

பூங்கொடியின் அப்பா படத்துக் கண்ணாடியில் உட்கார்ந்ததையும் விடவில்லை. கண்ணாடி போய்விட்டது. மாமனாரை நான் அடித்தது அதுதான் முதல் தடவை என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆணி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. யாரு கண்ணையாச்சும் குத்தப்போகுது" என்றாள்.

ஜூன் 19, புதன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். டைரி என் பெட்டியில்தான் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது.

மத்தியானம் வேலை இடைவெளியில் வண்டியைப் பொட்டல் வழியாக ஓட்டி, பண்ணையின் பின்பக்கம் போனேன். அங்கே வேலை செய்கிற ரபியை எனக்குத் தெரியும். ஒரிசாக்காரன், முப்பது வயதிருக்கும். முட்டை வண்டிக்கு எழுதியபோது இரண்டு நாளும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். தன் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டச் சொன்னான். தகர டப்பா மூடியில் எழுதிக் கொடுத்தேன். அதைத் தன் அறைக் கதவில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறான். இன்றும் பார்த்தேன்.

"பொண்ணுக்கு நல்ல காரியம் ரபி. ஒரே ஒரு நாள் வூட்ல ஈ இருக்கக்கூடாது. உங்க ஷெட்டுல போடற மருந்து இருக்குதல்ல, அதுல கொஞ்சம் குடு."

அவன் தயங்கினான். "அது விஷம் அண்ணா. மேனேஜர் பூட்டி வெச்சிருக்கார். கோழி தின்னாலே செத்துப்போவும்."

"நான் என்ன திங்கவா கேக்கறேன்?"

சிரித்தான். பெண்ணுக்கு என்ன வயது, மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டான். அவனுக்கும் ஒரு பெண் குழந்தை, ஊரில் இருக்கிறதாம். செவ்வாய்க்கிழமை மருந்து தூவுகிற முறை அவனுடையது, அன்று கொஞ்சம் எடுத்துப் பொட்டலம் கட்டிவைக்கிறேன், ஆறரைக்கு மேல் ஊர் எல்லைப் பாலத்துக்குக் கொண்டுவருகிறேன் என்றான்.

"இது ஆருக்கும் தெரியக்கூடாது ரபி. தெரிஞ்சா எம்பொண்ணு கல்யாணத்துக்கு ஊர்ல ஒரு நாய் வராது."

"நான் சொல்லமாட்டேன் அண்ணா" என்றான்.

ஜூன் 22, சனி

நேற்று ராத்திரி மழை, வெளியே இருந்ததும் உள்ளே ஒதுங்கிவிட்டது. இன்று காலையில் சுவர் எல்லாம் கறுப்பு. துணிக்கொடியில் காய்வது துணியா ஈயா என்று தெரியவில்லை. பிருந்தா பல் தேய்க்கும்போது வாய்க்குள் ஒன்று போய்விட்டது, வாந்தி எடுத்தாள். அந்த வாந்தியிலும் அரை நிமிடத்தில் மொய்த்துவிட்டன.

நான் கட்டையை எடுத்தேன். காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை அடித்தேன். வேலைக்குப் போகவில்லை. முதலில் எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. சுவரில் அடித்தேன், தரையில், அரிசி மூட்டையில், டிவியில். செத்ததையும் அடித்தேன். இறக்கை பிய்ந்து தரையில் சுழல்வதைக் காலால் தேய்த்தேன். ஒரு கட்டத்தில் ஈ இல்லாத இடத்திலும் அடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பூங்கொடி வந்து என் கையைப் பிடித்தாள். நான் உதறியதில் அவள் கதவில் போய் இடித்துக்கொண்டாள். நெற்றியில் லேசாக வீங்கியிருக்கிறது. தைலம் தடவினேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிருந்தா சொன்னாள்: "அப்பா, எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்ப்பா. உங்க மூஞ்சியப் பாத்தா பயமா இருக்குது."

நான் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். வழக்கமான மூஞ்சிதான். மூக்கு நுனியில் ஒரு ஈ.

ஜூன் 24, திங்கள்

கட்டையின் ரப்பர் கிழிந்துவிட்டது. நாளைக்கு மாற்ற வேண்டும். நாளை செவ்வாய், பொட்டலம் வரும்.

ஜூன் 25, செவ்வாய்

தபால்காரர் ரங்கசாமி இறந்துவிட்டார். காலையில் போனேன். ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறவரை நன்றாகத்தான் இருந்தார். குளிப்பாட்ட வெளியே எடுத்ததும் வந்துவிட்டன. கண் ஓரத்தில், மூக்கில், வாயில். "நாச்சிமுத்து, உன்ற கட்டைய எடுத்துட்டு வாடா" என்று யாரோ சொன்னார்கள். ஓடிப்போய் எடுத்துவந்து தலைமாட்டில் நின்றேன். பிணத்தின் முகத்தில் அடிக்க முடியுமா, விசிறிக்கொண்டே இருந்தேன். அவர் மகள் வாய்க்கரிசி போட்டாள். அரிசியோடு சேர்ந்து ஈயும் உள்ளே போனது. அந்தப் பெண் கத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

சுடுகாட்டில் காரியத்தை முடித்துவிட்டு நாலரை மணிக்குத் திரும்பினோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கிழக்கே திரும்பி நடந்தோம். யார் முதலில் திரும்பியது என்று தெரியாது. நூறு பேர் இருப்போம்.

கேட்டை உடைத்தார்கள். முட்டை அட்டைகளை அடுக்கு அடுக்காகத் தள்ளிவிட்டார்கள். கணுக்கால் உயரத்துக்கு மஞ்சள் கரு. தீவன மூட்டைகளைக் கிழித்தார்கள். கூண்டுகளை இழுத்துச் சாய்த்தார்கள், கோழிகளைக் காலால் மிதித்தார்கள், கழுத்தைத் திருகி ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. அர்த்தனாரி அலுவலக அறை ஜன்னலில் கல் விட்டுக்கொண்டிருந்தான்.

வேலையாட்கள் ஓடிவிட்டார்கள். ஓர் ஒரிசாக்காரருக்கு மட்டும் அடி. யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. நான் பின்னால் நின்றிருந்தேன்.

வந்து குளித்தேன். "கையில என்னுங்க, ரத்தமா?" என்றாள் பூங்கொடி. சிவப்புப் பெயின்ட் என்றேன்.

ஜூன் 26, புதன்

இன்று வேலைக்குப் போனேன். ஒரு லாரியின் பின்பக்கத்தில் எழுத்து எழுத உட்கார்ந்தேன், கோடு நேராக வரவில்லை. தின்னர் வைத்துத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை எழுதினேன். முதலாளி வெயில் அதிகம், வீட்டுக்குப் போ என்றார்.

போலீஸ் வந்து பதினோரு பேரைக் கூட்டிப்போனது. அர்த்தனாரியைத்தான் முதலில். கூட்டத்தில் அவன் பேசியதை யாரோ கைபேசியில் எடுத்திருக்கிறார்கள். ஒரிசாக்காரரை அடித்ததும் அவன்தான் என்று எழுதியிருக்கிறார்களாம். என் பெயர் எதிலும் இல்லை. ஊரில் யாரும் யாரைப் பற்றியும் வாய் திறக்கவில்லை.

அடிபட்டவர் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். இடது கண். ஆணி இறங்கியிருக்கிறது என்றார்கள். ஒரே அடிதான், அவர் உடனே உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார், அதைக் கீழே விடவில்லை. பின்னால் நின்றிருந்தாலும் அவ்வளவு தெரிந்தது.

ஜூன் 27, வியாழன்

குளிக்க வெந்நீர் போட்டேன். "இந்த வெக்கையில வெந்நியா?" என்றாள் பூங்கொடி. உடம்பு வலி என்றேன். அடுப்பு எரிய ஒரு கட்டை போதுமானதாக இருந்தது. வேப்பங்கட்டை நன்றாக எரியும், கொஞ்சம் புகையும், அவ்வளவுதான்.

ஜூன் 28, வெள்ளி

காலையில் பூங்கொடி சாம்பல் அள்ளும்போது இரண்டு ஆணி கிடைத்ததாம். ஜன்னல் ஓரத்தில் எடுத்து வைத்திருக்கிறாள். ஏன் அங்கே வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

பண்ணைக்கு அதிகாரிகள் சீல் வைத்துவிட்டார்கள். எச்சத்தை எல்லாம் டிப்பர் லாரியில் அள்ளிப்போகிறார்கள். எழுபது வண்டி என்றார்கள். போன பிறகு சுண்ணாம்பும் மருந்தும் அடித்தார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

வீட்டில் ஈ இல்லை. சரியாகச் சொன்னால் ஒன்பது. அதையும் பிருந்தா செய்தித்தாளைச் சுருட்டி அடித்துவிட்டாள். நான் கிட்டே போகவில்லை.

கரூர் வீட்டார் பதினான்கு பேர் வந்தார்கள். இலை போட்டோம். மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்து இலையைச் சுற்றிலும் பார்த்தார். தண்ணீர் தெளித்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு பருப்பும் நெய்யும் பிசைந்து முதல் வாய் வைத்தார். பூங்கொடி கதவுக்குப் பின்னால் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கை நனைத்தாயிற்று. ஆவணியில் கல்யாணம்.

"பொண்ணோட தாய்மாமனைக் காணமே?" என்றார் வையாபுரி.

"திருப்பதி போயிருக்கறானுங்க" என்றேன். வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது.

அவர்கள் போன பிறகு பூங்கொடி என் இலையைப் பார்த்தாள். எல்லாம் வைத்தபடியே இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

கிளைச் சிறையில் அர்த்தனாரியைப் பார்த்தேன். தொண்டை கட்டியிருக்கிறது. ஊரையே எழுப்புகிறவன் இன்று மெதுவாகப் பேசினான்.

"கை நனைச்சாங்களா மச்சா?"

"நனைச்சாங்க மாப்ள."

"அந்தம்மா முழுசாச் சாப்பிட்டாங்களா?"

"ரெண்டாவது தடவை சோறு வாங்குனாங்க."

கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உதட்டில் காயம். சட்டைக்குள்ளும் இருக்கும், காட்டவில்லை. "பாப்பா கல்யாணம் முடியற வரைக்கும் நான் வாயைத் தொறக்கமாட்டேன் மச்சா. நீங்க தைரியமா இருங்க" என்றான்.

எதைப் பற்றி வாய் திறக்கமாட்டான் என்று நான் கேட்கவில்லை. அவன் ஜன்னலில் கல் விட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்திருக்கும்.

பத்து வருடமாக இவனை வாய்ச்சவடால் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 3, புதன்

வக்கீல் இரண்டு வழி சொன்னார். ஒன்று, அந்த ஒரிசாக்காரனே விஷத்தை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் மேல் வீச வந்தான், அதனால்தான் அடிபட்டான் என்று சொல்வது. பொட்டலம் போலீஸிடம் இருக்கிறது, அதில் விஷம்தான் இருக்கிறது, ஊரில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். இன்னொன்று, அடித்தது அர்த்தனாரி இல்லை என்று அடிபட்டவன் வாயாலேயே சொல்லவைப்பது.

"அந்தப் பையனை உங்களுக்குத் தெரியுமல்லங்க. முட்டை வண்டிக்கு எழுதுனீங்களே" என்றாள் பூங்கொடி. அவளுக்கு மட்டும் மறக்கவே இல்லை. "போய்க் கேளுங்க."

"கேட்டா என்ன சொல்லுவான்?"

"எனக்கென்னங்க தெரியும். போய்க் கேளுங்க."

ஜன்னல் ஓரத்தில் ஆணி இரண்டும் இல்லை. எங்கே போட்டாள் என்று தெரியவில்லை.

ஜூலை 4, வியாழன்

ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். கண் வார்டு இரண்டாவது மாடி. கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பாதி முகம் கட்டு. வலது கண்ணால் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு, உக்காரு ரபி."

"அண்ணா, நீங்கதான் முதல்ல வர்றீங்க. வேற யாரும் வரலை."

கண் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லிவிட்டு எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "ஒரு கண் இருக்கு அண்ணா, போதும்" என்றான். கையில் குளுக்கோஸ் ஊசி குத்திய இடத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது. நான் கையைத் தூக்கவில்லை. அவனே விரலால் தள்ளினான்.

ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். சுளை சுளையாக நாரை எடுத்து, ரொம்ப நேரம் உரித்தேன். பிறகு கேட்டேன்.

"போலீஸ் அர்த்தனாரிங்கறவரைப் புடிச்சு வெச்சிருக்குது. அவரா அடிச்சாரு?"

"சத்தம் போடறவரா? இல்லை அண்ணா. அவர் தூரத்துல கல்லு போட்டார். என்னை அடிச்சது கட்டை. போலீஸ்கிட்டயும் சொல்றேன், அவர் இல்லைன்னு."

"அப்ப ஆருன்னு பாத்தியா?"

ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"இல்லை அண்ணா. யாரோ முட்டை எறிஞ்சாங்க, கண்ணு ரெண்டுலயும் விழுந்துச்சு. மூடிக்கிட்டேன். அப்பத்தான் அடி."

கையிலிருந்த ஆரஞ்சுத் தோலைக் கட்டிலுக்கு அடியில் இருந்த வாளியில் போட்டேன். அவன் குரலைத் தணித்துக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறாரா என்று பார்த்தான்.

"அந்தப் பொட்டலம் எதுக்குன்னு போலீஸ் நிறையக் கேட்டாங்க. மேனேஜரும் கேட்டார். திருடினேன்னு வேலையில இருந்து எடுத்துட்டார். ஊர்க்காரங்க மேல போட வந்தேன்னு எழுதறாங்க. உங்க பேரு சொல்லலை அண்ணா. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்க இல்ல. பொண்ணு கல்யாணம்."

கட்டில் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்தேன். தண்ணீர் குடித்தேன். அவனுடைய தண்ணீர்.

"கை நனைச்சாச்சு ரபி" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்றும் சொன்னேன். அவன் அந்த ஒற்றைக் கண்ணால் சிரித்தான்.

"ஈ இல்லாம?"

"ஈ இல்லாம."

நான் கிளம்ப எழுந்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனும் மெல்ல எழுந்து நின்றான்.

"அண்ணா, கூட்டத்துல முதல்ல உங்களைத்தான் பாத்தேன். அப்ப பயம் போயிடுச்சு. அண்ணா இருக்கார்னு உங்ககிட்டதான் ஓடி வந்தேன். பொட்டலத்தை நீட்டி, அண்ணா அண்ணான்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். அவ்வளவு சத்தம், உங்களுக்குக் கேக்கலை. கேட்டிருந்தா அவங்களை விட்டிருக்கமாட்டீங்க."

"ஆமா ரபி. சத்தம். கேக்கலை" என்றேன்.

அங்கே சொல்லாமல் விட்டதைப் பஸ்ஸில் வீடு வரும்வரை சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள்ளேயே. இங்கே எழுதினால் எழுத்தாவது நேராக வருகிறதா என்று பார்க்கிறேன்.

கேட்டது, ரபி. இரண்டு தடவையும் கேட்டது. மூன்றாவது தடவை நீ கூப்பிட்டால் ஊருக்கும் கேட்டுவிடும் என்றுதான் அடித்தேன்.